எக்ஸ்ரே படிப்பு: சம்பளம் எவ்வளவு, ஏறுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். பி.எஸ்சி. ரேடியோகிராபி சேர்க்கலாம் என்றிருக்கிறோம். ஆனால் அதையே படித்த பக்கத்து வீட்டுப் பையன் தர்மபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் 12,000 ரூபாய்க்குத்தான் வேலை பார்க்கிறான். இதற்கா இவ்வளவு செலவு செய்து படிக்க வைப்பது? (ஒரு தாய், பாலக்கோடு)

பதில்: அம்மா, நீங்கள் சொல்கிற 12,000 உண்மைதான். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் தனியார் இடங்களில் புதிதாக வருகிறவர்களுக்கு 10,000-லிருந்து 15,000-க்குள்தான் கொடுக்கிறார்கள், எக்ஸ்ரே அறையிலேயே இருந்துவிட்டால் மூன்று நான்கு வருடம் ஆனாலும் பெரிதாக ஏறுவதில்லை. இந்தத் தொழிலில் சம்பளத்தை ஏற்றுவது சிடி ஸ்கேனிலும் எம்ஆர்ஐ ஸ்கேனிலும் பழகிய கை. அதனால் கல்லூரியில் ஃபீஸ் கேட்பதற்கு முன்னால், இன்டர்ன்ஷிப்புக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள், அங்கே சிடி, எம்ஆர்ஐ இருக்கிறதா, பையன்களை மெஷினில் உட்கார விடுவார்களா என்று கேளுங்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது 3 வருடப் படிப்பு, 1 வருட இன்டர்ன்ஷிப். அந்த ஒரு வருடம்தான் பையனுடைய முதல் சம்பளத்தை முடிவு செய்யும்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கும் ஆறு மாத சர்டிபிகேட் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள், அரசு வேலைக்கு அது உதவாது. ரயில்வேயில் ரேடியோகிராபர் பணிக்கு ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளமே 29,200, அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் உண்டு. கேட்கிற தகுதி, பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், கூடவே அங்கீகாரம் பெற்ற 2 வருட டிப்ளமோ. நம் மாநிலத்தில் எம்ஆர்பி (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியாக வரும் பல பாராமெடிக்கல் பணிகளுக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிப்ளமோ மதிப்பெண்களைச் சேர்த்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். எனவே உங்கள் மகனின் பழைய மார்க்கையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஐந்து வருடமாக எக்ஸ்ரே டெக்னீஷியன். சம்பளம் 16,000. பெங்களூரு போகலாமா, வளைகுடா போகலாமா? ஏஜென்ட் ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். (வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: தம்பி, ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுக்காதீர்கள். மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள், மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அது இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். துபாய்க்கும் சவுதிக்கும் சான்றிதழ் சரிபார்ப்பு, லைசென்ஸ் தேர்வு எல்லாம் உண்டு, அதை யாரும் காசு கொடுத்துத் தாண்ட முடியாது. அமெரிக்காவைக் காட்டி ஆசை காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே 2024 மே மாத அரசுக் கணக்குப்படி இந்த வேலையின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 77,660 டாலர், அது நிஜம்தான். ஆனால் அங்குள்ள பெரும்பாலான மருத்துவமனைகள் ஏஆர்ஆர்டி என்ற அமெரிக்க அமைப்பின் சான்று கேட்கும், அந்தத் தேர்வு எழுதவே அவர்கள் ஏற்றுக்கொண்ட படிப்பு வேண்டும்.

பெங்களூரைப் பொறுத்தவரை நீங்கள் இருக்கிற இடம் வசதி. பொம்மசந்திரா பக்கம் பெரிய மருத்துவமனைகள் ஓசூர் ரோட்டிலேயே இருக்கின்றன, ஓசூரில் ரூம் எடுத்தால் பெங்களூரு வாடகை மிச்சம். ஆனால் வெறும் எக்ஸ்ரே அனுபவத்தோடு போனால் அங்கேயும் சில ஆயிரம்தான் கூடும், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அது போய்விடும். முதலில் சிடி உள்ள இடத்துக்கு மாறுங்கள், நைட் டூட்டியாக இருந்தாலும் சரி. இன்டர்வியூவில் உட்கார வைத்துக் கேட்பார்கள்: கான்ட்ராஸ்ட் மருந்து போடும் முன் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ஏன் பார்க்க வேண்டும், எம்ஆர்ஐ அறைக்குள் விடும் முன் நோயாளியிடம் என்னென்ன கேட்பீர்கள் என்று. எம்ஆர்ஐ பெரிய காந்தம் என்பதால், இதயத் துடிப்புக்கு வைக்கும் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்போம் என எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நம் ஊர் அம்மாக்களின் தாலிக்கொடியில் கோத்த சேஃப்டி பின், பெரியவர்களின் இடுப்புக் கயிற்றில் இருக்கும் உலோகத் தாயத்து, இதையெல்லாம் கேட்டுக் கழற்றி வைக்கத் தெரிந்தவனைத்தான் எம்ஆர்ஐ-யில் விடுவார்கள். அப்புறம், அனுபவச் சான்றில் எந்த மெஷினில் எத்தனை வருடம் என்று எழுதி வாங்குங்கள். சம்பளம் பேங்கில் ஏறட்டும். கையில் வாங்கினால் அடுத்த இடத்தில் காட்ட ஆதாரம் இருக்காது.

கேள்வி: கதிர்வீச்சில் வேலை செய்கிறோமே, அதற்கென்று தனியாகப் பணம் கேட்கலாமா? (வாசகி, ஊத்தங்கரை)

பதில்: பணத்துக்கு முன்னால், உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜைக் கேளுங்கள் சகோதரி. அதை உங்களுக்குத் தர வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. ஈய (லெட்) ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் அணிய வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுக்க அனுப்ப வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பேட்ஜை டிராயரில் பூட்டி வைத்திருக்கும் சென்டர் இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் அங்கே இருக்காதீர்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் போர்ட்டபிள் ஸ்கேன் மெஷினோடு வீடுகளுக்குப் போகும் வேலைக்குக் கூப்பிடுகிறார். ஒரே நாளில் என் பாதி மாதச் சம்பளம் தருவாராம். போகலாமா? (பெயர் வேண்டாம், அரூர்)

பதில்: போகாதீர்கள். வீடு வீடாக மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்ப்பது ஆணா பெண்ணா என்று சொல்லத்தான், உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி பிடிபட்டால் 5 ஆண்டு வரை. நான் மெஷின் மட்டும்தான் பிடித்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. பெற்றோர் வேண்டாம் என்று விடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது, அதைப் பின்னால் தர்மபுரிக்கும் கொண்டுவர வேண்டி வந்தது என்றால் இங்கே பெண் குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கும் நம் மாவட்டத்தில் இந்தக் கும்பல்கள் பிடிபடுவதைப் பேப்பரில் படிக்கிறோம். உங்களுக்குச் சம்பளம் போதவில்லை என்றால் மேலே சொன்ன வழிகள் இருக்கின்றன. அந்த நண்பர் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போவதற்குள் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதிப் போடுங்கள்.