வெளிமாநிலத்தில் வாங்கிய துப்பாக்கிக்கு யார் வரி வாங்குவது? கேள்வி பதில்

அமெரிக்காவில் வேறு மாநிலத்துக் கடையில் ஆன்லைனில் துப்பாக்கி வாங்கினால் அது நேராக வீட்டுக்கு வந்துவிடாது. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உங்கள் ஊரில் மத்திய அரசின் உரிமம் பெற்ற டீலர் ஒருவருக்குத்தான் அனுப்புவார்கள். அவர் கடையில் துப்பாக்கி வாங்குகிறவருக்கான மத்திய அரசுப் படிவம் 4473ஐ நிரப்பி, வாங்கத் தகுதி உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையும் முடிந்த பிறகே கையில் கிடைக்கும். இப்படி இரண்டு கடைகள் நடுவில் வருவதால் வரியில் குழப்பமும் வந்துவிடுகிறது. நான் பல வருடமாகச் சிறு கடைகளுக்கு விற்பனை வரிக் கணக்கு பார்க்கிறவன், அதில் துப்பாக்கி டீலர்களும் உண்டு. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

டெக்ஸாஸ் மாநிலம், டாலஸிலிருந்து ஒருவர்: அண்ணா, ஜார்ஜியாவில் இருக்கிற கடையில் 600 டாலருக்கு ரைபிள் வாங்கினேன். பில்லில் 49.50 வரி போட்டிருக்கிறார்கள். இங்கே டீலர் தனியாக 35 டாலர் கேட்கிறார். இரண்டு தடவை வரி கட்டுகிறேனா?

இல்லை தம்பி. அந்த 35 டாலர் டீலரின் கூலி. பெட்டியை வாங்கி வைத்து, பதிவேட்டில் வரிசை எண்ணை எழுதி, உங்களை 4473 நிரப்ப வைத்துச் சோதனைக்கு அனுப்புகிறாரே, அந்த வேலைக்கான கட்டணம். கடைக்குக் கடை மாறும்.

49.50தான் வரி. டெக்ஸாஸ் மாநில வரி 6.25 சதவீதம், உள்ளூர் வரி அதிகபட்சம் 2, மொத்தம் 8.25. விற்றவர் ஜார்ஜியாவில் இருந்தாலும் பொருள் எந்த மாநிலத்துக்குப் போகிறதோ அந்த மாநிலத்தின் வரியைத்தான் வாங்குவார். 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் வேஃபேர் வழக்கில் தீர்ப்பு சொல்லும்வரை, ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத விற்பனையாளரிடம் அந்த மாநிலம் வரி வசூலிக்கச் சொல்ல முடியாமல் இருந்தது. இப்போது விற்பனை குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலே சொல்லலாம். டெக்ஸாஸில் அந்த அளவு வருடத்துக்கு 5 லட்சம் டாலர்.

அந்த பில்லை அச்சிட்டு டீலரிடம் போகும்போது எடுத்துப் போங்கள். வரி கட்டியதற்கு அதுதான் அத்தாட்சி.

கலிபோர்னியா மாநிலம், சாக்ரமெண்டோவிலிருந்து: எனக்கு வந்த பில்லில் வரி என்ற இடத்தில் 0.00 என்று இருந்தது. சந்தோஷப்பட்டேன். ஆனால் இங்கே டீலர் முழு விலைக்கும் வரி கேட்கிறார். அவர் எனக்கு எதையும் விற்கவில்லையே?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் டீலர் ஏமாற்றவில்லை. வெளிமாநில விற்பனையாளரிடம் கலிபோர்னியா வரிப் பதிவு இல்லை என்றால், பொருளை உங்கள் கையில் கொடுக்கிற உள்ளூர் டீலரையே சில்லறை விற்பனையாளராக அந்த மாநிலச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் அவர் நீங்கள் கொடுத்த சில்லறை விலைக்கு வரி வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். வாங்காமல் விட்டால் தணிக்கையில் அவர் பையிலிருந்து போகும். 20 டாலர் லாபத்துக்கு வேலை செய்துவிட்டு 50 டாலர் வரியைத் தலையில் சுமந்த கடைக்காரரைப் பார்த்திருக்கிறேன். நியாயமான ஆள், ஏமாந்தது அவர்தான்.

2024 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதத் தனி வரியும் உண்டு. இது விற்பனை வரிக்கு மேல் வருவது. பில்லில் இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொருவர்: கலிபோர்னியாவிலேயே நண்பரிடம் பழைய துப்பாக்கி வாங்கினால்?

டீலர் கடை வழியாகத்தான் கைமாற வேண்டும், ஆனால் அங்கே அவர் விற்பனையாளர் இல்லை. தொழிலாக விற்காத தனிமனிதர் எப்போதாவது விற்பதற்கு விற்பனை வரி கிடையாது. வாஷிங்டன் மாநிலத்திலும் அப்படித்தான். 2014இல் வாக்காளர்களே நேரடியாக வாக்களித்து நிறைவேற்றிய சட்டமான 594ஆம் முன்முயற்சி தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கியது. சோதனை விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினால் வரி வேண்டாம் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். சட்டப்படி நடக்கிறவனுக்கு அதனால் செலவு ஏறக்கூடாது என்பது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

வாஷிங்டன் மாநிலம், வான்கூவரிலிருந்து: ஆற்றைத் தாண்டினால் போர்ட்லண்ட். ஓரிகனில் விற்பனை வரியே இல்லை. அங்கே இருக்கிற மச்சானை வாங்கச் சொல்லி நான் பணம் கொடுத்தால்?

வேண்டவே வேண்டாம். படிவம் 4473இல், உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்று ஒரு கேள்வி இருக்கும். உங்கள் பணத்தில் உங்களுக்காக வாங்குகிற மச்சான் அதற்கு 'ஆம்' என்று எழுதினால் அது பொய். 2022இல் வந்த சட்டப்படி ஆள் வைத்து வாங்குவதற்கு 15 வருடம்வரை சிறை. ஐம்பது, அறுபது டாலர் வரிக்காக மச்சானை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

நீங்களே போனாலும், கைத்துப்பாக்கி என்றால் சொந்த மாநிலத்து டீலருக்கு அனுப்பித்தான் வாங்க முடியும். ரைபிள், ஷாட்கன் மட்டும் இரண்டு மாநிலச் சட்டமும் அனுமதித்தால் அங்குள்ள டீலரிடம் நேரில் வாங்கலாம். அப்படி வரியில்லாமல் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தால் வாஷிங்டனுக்குப் பயன்பாட்டு வரி கட்ட வேண்டும். விற்பனை வரி கட்டாமல் உள்ளே வந்த பொருளுக்கு அதே விகிதத்தில் வாங்குபவரே கட்டுவது அது.

விலையிலேயே 11 சதவீத மத்திய வரி இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் அது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ கட்டுவது. கைத்துப்பாக்கிக்கு 10, ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம். 1937இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி அந்தப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. உங்கள் பில்லில் தனியாக வராது.

அப்பா புளோரிடாவில் இருக்கிறார், அவருடைய ஷாட்கன்னை எனக்குப் பரிசாகத் தருகிறார். வரி?

விலை இல்லாததால் விற்பனை வரி இல்லை. ஆனால் வேறு மாநிலத்துக்குத் தருவதால் டீலர் வழியாகத்தான் வர வேண்டும், அவர் கூலி உண்டு. பரிசு என்று இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு டீலரிடம் கொடுங்கள். தாள் இல்லாமல் போய் கவுண்ட்டரில் நின்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன் அண்ணா. வரி எவ்வளவு ஆகும்?

வரிக்கு முன்னால் ஒன்று. ஹெச்-1பியில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் மத்திய சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள், தம்பி. இதில் ஒரு தவறு நடந்தால் வேலையும் விசாவும் சேர்ந்து போகும்.