அப்பாவுக்கு வாங்கிய ஹெட்போன்

கேள்வி: அக்கா, எனக்கு 39 வயது. ஐடி வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அப்பாவுக்கு 71. அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. நாள் முழுக்க டிவியில் யூடியூப் போட்டுப் பழைய படம் பார்க்கிறார். அதிலும் டி.எஸ்.பாலையா என்று யாரோ ஒரு துணை நடிகர் வருகிற காட்சிகள்தான். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க்கதை சொல்கிற இடம் எனக்கே மனப்பாடமாகிவிட்டது. நான் தண்ணீர் குடிக்க ஹாலுக்கு வந்தால்கூட, ஓடுவதை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியை முதலிலிருந்து போடுவார். சின்ன வயதில் தாத்தாவோடு கொட்டகையில் பார்த்த படமாம். என் மீட்டிங்கில் எல்லோருக்கும் சத்தம் கேட்கிறது, மானம் போகிறது. நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அவர் மனசு நோகாமல் எப்படிக் கொடுப்பது? ஒருவேளை டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
(பெயர் வேண்டாம், கோவை)

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒரு வீட்டில் சீரியல், ஒரு வீட்டில் கிரிக்கெட், உங்கள் வீட்டில் பாலையா, அவ்வளவுதான் வித்தியாசம். ஹெட்போன் மட்டும் எல்லாக் கடிதத்திலும் தவறாமல் வந்துவிடுகிறது. ‘நீங்கள் நல்ல பிள்ளைதான், கவலைப்படாதீர்கள்’ என்று நான் ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள், அங்கே ராசிபலன் இருக்கிறது.

நீங்கள் வந்தால் முதலிலிருந்து போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எழுதும்போது கை ஒரு நிமிஷம் நிற்கவில்லையா? தனக்காகப் படம் பார்க்கிற ஆள் எதற்கு நடுவில் நிறுத்தி முதலுக்குப் போக வேண்டும்? விருந்தாளி லேட்டாக வந்தால் ஆறிப்போன சாம்பாரைத் திரும்பச் சுட வைப்போமே, அந்த மாதிரிதான் அது. ஒவ்வொரு தடவையும் உங்களை உட்காரச் சொல்லிக் கூப்பிடுகிறார். நீங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள்.

அப்புறம் அந்த ‘யாரோ ஒரு துணை நடிகர்’. சினிமாவில் துணை நடிகர் என்றால் கூட்டத்தில் நிற்கிறவர். பாலையா குணச்சித்திர நடிகர். 1914-ல் பிறந்து, நாடக மேடையில் தேறி, 1936-ல் ‘சதிலீலாவதி’யில் வில்லனாக அறிமுகமானவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம், அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன இன்ஸ்பெக்டர் வேஷம். பாலையா அங்கிருந்து சாகிறவரை முப்பத்தாறு வருஷம் வில்லன், அப்பா, வித்வான் என்று வந்ததையெல்லாம் செய்துவிட்டு 1972-ல் 57 வயதில் போய்விட்டார். நாகேஷுக்கு அப்பாவாக நடித்தபோது அவருக்கு ஐம்பதுகூட நிறையவில்லை!

சரி, மனப்பாடம் என்கிறீர்களே, அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது? எஸ்டேட் முதலாளியின் மகன் செல்லப்பா, படம் எடுக்கிறேன் என்று ஊரைச் சுற்றுகிற உருப்படாத பிள்ளை, அப்பாவிடம் கதை சொல்கிறான். அவன் காற்றுச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் வாயாலேயே போட்டுக் குதிக்கிறான். பாலையாவுக்கு அங்கே பெரிய வசனம் கிடையாது, உட்கார்ந்து கேட்பதுதான் வேலை. அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கண் உருண்டு, பயம் உடம்பில் இறங்குவதைப் பார்த்துத்தான் 1964-லிருந்து நாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம். நாகேஷ் எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும், எதிரே கேட்கிறவர் கொட்டாவி விட்டிருந்தால் அந்தக் காட்சி அன்றைக்கே செத்திருக்கும். அடுத்த வருஷம் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் அவர் செய்த ஹேமநாத பாகவதர் என்கிற பாட்டு வித்வானையும் பாருங்கள். ‘ஒரு நாள் போதுமா’வில் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, திமிர் பாலையாவுடையது. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் வருவதுதான், ராத்திரியில் திண்ணையிலிருந்து விறகு விற்கிறவன் பாட்டு காதில் விழ, அத்தனை திமிரும் வடிந்து ஊரை விட்டே கிளம்புகிறாரே, அது. அங்கேயும் அவர் வேலை கேட்பதுதான். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்திலோ சிவாஜியின் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தவில்.

மகன் உளறுவதை அப்பா வாய் பிளந்து கேட்கிற காட்சியை உங்கள் அப்பா திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார். அதுவும் யாருக்கு? மகனுக்கு. இதற்கு டாக்டர் எதற்கு? ஸ்கூலில் யார் அடித்தான், எந்த சார் திட்டினார் என்று நீங்கள் சொன்ன கதையையெல்லாம் வேலை முடிந்து வந்த களைப்போடு அவர் கேட்டிருப்பார், அம்மாவும் கேட்டிருப்பார். இப்போது அவர் பங்குக்கு ஒரு கதை இருக்கிறது, கேட்க வீட்டில் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அவர் காதை அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று கடைக்குப் போய் ஹெட்போன் வாங்கியிருக்கிறீர்கள். பெற்றவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதை நான் உதவி என்று சொல்ல மாட்டேன், அது கடன். பழைய ஆள் என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

மீட்டிங் தொந்தரவுதான், ஒப்புக்கொள்கிறேன். அதை நேராகச் சொல்லுங்கள்: ‘அப்பா, பதினொன்று முதல் பன்னிரண்டு வரை மட்டும் சத்தத்தைக் குறைச்சுக்குங்க, மதியம் சேர்ந்து பார்க்கலாம்.’ மின்னஞ்சல் பாஷையில் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் குறைத்துக்கொள்வார். ஹெட்போனை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மதியம் சேர்ந்து பார்க்கலாம் என்று சொன்ன பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பது கணக்கில் வராது.

அடுத்த முறை அவர் நிறுத்தி முதலிலிருந்து போடும்போது, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். தாத்தாவோடு போனது எந்த ஊர்க் கொட்டகை, தரை டிக்கெட்டா பெஞ்சா, பேய்க்கதை வந்தபோது தாத்தா சிரித்தாரா, இல்லை மடியில் இருந்த பையனைப் பிடித்துக்கொண்டாரா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பதில் தெரியாமல் எனக்கு அடுத்த கடிதம் போட வேண்டாம்.