கோச்சிங் அமர்வில் மைண்ட்ஃபுல்னெஸ்ஸையும் உணர்வு நுண்ணறிவையும் எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வியின் சுருக்கம் இது: நிறுவன மேலாளர்களுக்கு ஜூமில் ஒரு மணி நேர அமர்வு எடுக்கிறீர்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னால் கிளையன்ட் நெளிகிறார். வேறு வழி உண்டா?

அவர் நெளிவது நியாயம்தான். தியான வகுப்பு என்று சொல்லி யாரும் அவரை அனுப்பவில்லையே. ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் (நடப்பதை அந்தக் கணத்திலேயே கவனிப்பது) பயிற்சி எட்டு வாரம் ஓடுவது, அன்றாட வீட்டுப் பயிற்சியும் சேர்த்து. அதை ஐந்து நிமிடமாக நறுக்கி அமர்வின் தலையில் வைத்தால் பிள்ளையார் சுழி போட்ட மாதிரிதான். கோச்சுகளின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.சி.எஃப் 2019-ல் திருத்தி வெளியிட்ட எட்டுத் திறன்களைப் படித்துப் பாருங்கள். அமர்வுக்கு மனதைத் தயார்செய்வது, தன் உணர்ச்சிகளைக் கட்டுக்குள் வைப்பது, மௌனத்துக்கு இடம் விடுவது எல்லாம் கோச் செய்ய வேண்டிய வேலை என்றே இருக்கின்றன. ஆக, மைண்ட்ஃபுல்னெஸ் முதலில் உங்களுக்கு.

இரண்டு அமர்வுகளுக்கு நடுவே குறைந்தது 15 நிமிடம் விடுங்கள். அதில் மூன்று நிமிடம் போதும். முந்தைய அமர்வு உங்களிடம் விட்டுப்போனதை ஒரே சொல்லில் தாளில் எழுதுங்கள்: ‘கடுப்பு’, ‘பாவம்’, எதுவானாலும். பிறகு பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி, இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கும்படி பத்து மூச்சு. கடைசியாக, போன முறை கிளையன்ட் ஒப்புக்கொண்ட வேலை எதுவோ, அந்த ஒரு வரியை மட்டும் படியுங்கள். குறிப்பு முழுவதையும் புரட்டினால் அவர் வாயைத் திறப்பதற்குள் உங்களிடம் முடிவு தயாராகிவிடும்.

அமர்வுக்குள் கவனிக்க வேண்டியது அறிவுரை சொல்லும் அரிப்பு. அது உடம்பில்தான் முதலில் தெரியும்: முன்னால் சாய்வீர்கள், மூச்சு பாதியில் நிற்கும், வாய் லேசாகத் திறக்கும். அந்த நேரம் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடர்ந்து கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் பதினைந்து கோடு விழுந்தாலும் கவலை வேண்டாம். கோடே விழவில்லை என்றால்தான் கவனிக்கவில்லை என்று அர்த்தம். ‘அவர்கிட்ட நேரா பேசிப் பார்த்தீங்களா?’ என்பது கேள்விக்குறி மாட்டிய அறிவுரை. அதுவும் கோட்டுக் கணக்கில் சேரும்.

இனி உணர்வு நுண்ணறிவு. இந்தக் கருத்தை 1990-ல் வரையறுத்த உளவியலாளர்கள் சலோவேயும் மேயரும் பின்னால் அதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள்: உணர்ச்சியைக் கண்டுகொள்வது, சிந்தனைக்குப் பயன்படுத்துவது, புரிந்துகொள்வது, கையாள்வது. கோச்சுகள் பெரும்பாலும் முதலிலிருந்து நான்காவதுக்குத் தாவுகிறார்கள். ‘டென்ஷனா இருக்கீங்க, சரி, அதை எப்படிக் குறைக்கலாம்?’ அமர்வு பழுதாவது இந்த இடத்தில்தான். மூன்றாவதில் நின்று நிதானியுங்கள்.

தமிழில் பேசும் கிளையன்டிடம் இது இன்னும் முக்கியம். நம் அலுவலகங்களில் ‘டென்ஷன்’ ஒரு கோணிப்பை. பதற்றம், எரிச்சல், ஆதங்கம், ஆற்றாமை, அவமானம், குற்ற உணர்ச்சி எல்லாம் அதற்குள் கிடக்கும். பையை அவிழ்ப்பது இப்படி இருக்கும்:

‘சொன்ன தேதிக்கு டீம்ல எதுவும் வர மாட்டேங்குது சார். ஒரே டென்ஷன்.’
‘எந்த மாதிரி டென்ஷன்?’
‘எரிச்சல்தான்.’
(கோச் நான்கு விநாடி பேசவில்லை.)
‘எரிச்சல்னுகூட சொல்ல முடியாது. ரிவ்யூ மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கைகட்டி நிக்கிறது நான்தானே. அசிங்கமா இருக்கு.’

எரிச்சல் என்ற சொல்லோடு நின்றிருந்தால் மீதி அமர்வு டீமை எப்படி விரட்டுவது என்று போயிருக்கும். அசிங்கம் என்றதும் பேச்சு அந்த மீட்டிங்குக்கு, தன் மேலதிகாரியிடம் அவர் எதைச் சொல்லாமல் விழுங்குகிறார் என்பதற்கு வந்துவிடுகிறது.

சொல் கிடைக்காமல் தடுமாறினால் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேளுங்கள். ஆங்கில உணர்ச்சிப் பட்டியலை மொழிபெயர்த்து நீட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்யும். வயிற்றைக் கலக்குது, நெஞ்சை அடைக்குது, வயிறு எரியுது என்று நம் பேச்சே உணர்ச்சியை உடம்பில் வைத்துத்தான் சொல்கிறது. தொல்காப்பியம் எட்டு உணர்ச்சிகளுக்கும் வைத்த பொதுப் பெயரே மெய்ப்பாடு.

சொல்லை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். ‘உங்களுக்குக் கோபம், இல்லையா?’ என்றால் மரியாதைக்காகவே ‘ஆமா சார்’ என்பார். நீங்கள் வயதில் மூத்தவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். உணர்ச்சிக்குப் பெயர் சொன்னால், மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்கு வகிக்கும் அமிக்டலாவின் செயல்பாடு குறைகிறது என்று 2007-ல் வந்த லீபர்மன் குழுவின் ஆய்வைப் பலர் காட்டுவார்கள். அது முகப் படங்களைப் பார்த்து உணர்ச்சிப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வகச் சோதனை. அதை வைத்துக் கிளையன்டுக்கு வாக்குறுதி எதுவும் கொடுக்க வேண்டாம்.

அந்த நான்கு விநாடி மௌனத்தைப் பழகத்தான் வேண்டும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளில் அளந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடியே காத்திருந்தார்கள். மூன்று விநாடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன. கிளையன்டின் அனுமதியோடு ஒரு அமர்வைப் பதிவு செய்து, நடுவிலிருந்து பத்து நிமிடத்தை ஸ்டாப்வாட்ச் வைத்துக் கேளுங்கள்: அவர் முடித்ததற்கும் நீங்கள் தொடங்கியதற்கும் எத்தனை விநாடி? காணொளியில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் சும்மா இருந்தால் ‘ஹலோ, கேக்குதா?’ என்பார். ‘சில நேரம் பேசாம இருப்பேன், லைன் கட்டாகலை, யோசிக்க விடறேன்’ என்று முதல் அமர்விலேயே சொல்லி வைத்துவிடுங்கள். பேசும்போது குறிப்பைத் தட்டச்சு செய்யவும் வேண்டாம். சாவிச் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்கும்.

கோபமாக இருப்பவரை உடனே மூச்சு விடச் சொல்வது இன்னொரு தவறு. பாதி நேரம் அது அவருக்காக இல்லை, நம் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான். அவர் யோசிக்கவே முடியாத நிலையில் இருந்தால் மட்டும், கேட்டுவிட்டு, ஒரு நிமிடம் செய்யலாம். கண் திறந்தே இருக்கட்டும். கண்ணை மூடி உள்ளே கவனிப்பது, பழைய அதிர்ச்சி உள்ள சிலருக்குப் படபடப்பைக் கூட்டும். அப்போது பாதத்தையோ அறையில் இருக்கும் பொருளையோ கவனிக்கச் சொல்வது பாதுகாப்பானது. இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றாலோ, வாழவே வேண்டாம் என்ற பேச்சு வந்தாலோ அது கோச்சிங் எல்லையைத் தாண்டிவிட்டது. மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, அதில் தமிழிலும் பேசலாம்.

கட்டணத்தை நிறுவனம் கொடுக்கிறது என்றால் ஹெச்.ஆர் ஒருநாள் ‘அவர் எப்படி ஃபீல் பண்றார்?’ என்று கேட்பார்கள். அறிக்கையில் எது போகும், எது போகாது என்பதை கிளையன்டும் ஹெச்.ஆரும் இருக்கும் முதல் கூட்டத்திலேயே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வந்த அமர்வுகளின் எண்ணிக்கை, மூவரும் ஒப்புக்கொண்ட இலக்கு, இவ்வளவு போகலாம். ‘அசிங்கமா இருக்கு’ என்று அவர் சொன்னது போகக் கூடாது.