மகள் ஏன் போனாள்? ‘ஹார்ட்கோர்’ படம் பற்றிக் கேட்டவர்களுக்கு

1979இல் போல் ஷ்ரேடர் எழுதி இயக்கிய ‘ஹார்ட்கோர்’ பற்றித் திருகோணமலை நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. முடிவையும் கதைத்திருக்கிறேன்; படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாசிப்பது நல்லது.

சேர், பெயரைக் கேட்டாலே வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்ன கதை? (உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி)

மிச்சிகனில் கிராண்ட் ரப்பிட்ஸ் என்ற ஊர். ஜேக் வான் டோர்ன் அங்கே தளபாடத் தொழிற்சாலை நடத்துகிறார். ஜெபமும் கட்டுப்பாடும் உள்ள மனிதர். சபைப் பிள்ளைகளோடு கலிபோர்னியாவுக்குப் போன மகள் கிறிஸ்டன் அங்கே காணாமல் போகிறாள். தனியார் துப்பறிவாளர் ஒருவர் கண்டுபிடித்துக் கொண்டுவருவது ஓர் ஆபாசப் படச் சுருள். அதில் இருப்பது மகள். அதன்பிறகு தகப்பன் அந்த உலகத்துக்குள்ளேயே இறங்கித் தேடுகிறார். பெரியவர்களுக்கான படம் தம்பி, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது போடாதீர்கள்.

அவர் எந்தச் சபை? விமான நிலையத்தில் அந்த நிக்கி என்ற பெண்ணுக்கு என்ன விளக்குகிறார்? (மெதடிஸ்த சபை அக்கா ஒருவர்)

அக்கா, அது நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. ஒல்லாந்தர் 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து நம் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்கள் இலங்கைக்குக் கொண்டுவந்த சீர்திருத்தச் சபையின் இன்னொரு கிளைதான் அமெரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தர் வழியாகக் கிராண்ட் ரப்பிட்ஸில் வேரூன்றியது. ஜேக்கின் சபை அதுதான்.

விமான நிலையத்தில் ஜேக் சொல்வது கல்வினிசத்தின், அதாவது சீர்திருத்தவாதி ஜோன் கல்வினின் வழிவந்த போதனையின், ஐந்து கோட்பாடுகளை. 1618-19இல் ஒல்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சபை மன்றத்தின் தீர்மானங்களிலிருந்து வந்தவை. மனிதன் முழுவதும் பாவத்தில் கிடக்கிறான். யாரை மீட்பது என்று கடவுள் முன்பே தெரிந்தெடுத்துவிட்டார், நம் தகுதியைப் பார்த்து அல்ல. கிறிஸ்துவின் மரணம் அந்தத் தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்கானது. அந்தக் கிருபையை எவராலும் தடுக்க முடியாது. கிருபை பெற்றவர் கடைசிவரை விழுந்துபோக மாட்டார். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘துலிப்’ என்று வரும்.

நான் படத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். உடம்பை விற்றுப் பிழைக்கும் நிக்கி பக்கத்தில் இருந்து கேட்கிறாள். அவருக்கு அவளிடம் இரக்கம் உண்டு. ஆனாலும் அவர் வாயில் வருவது மனப்பாடமான வேதபாடம். தன் மகளிடமும் இப்படித்தான் கதைத்திருப்பார் என்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

அப்படியென்றால் இயக்குநர் மதத்தைத் தாக்குகிறாரா? (ஓர்ஸ் ஹில்)

இல்லை. ஷ்ரேடர் பிறந்ததும் கிராண்ட் ரப்பிட்ஸில், வளர்ந்ததும் அதே சபையில். சினிமா பாவம் என்று நினைத்த வீடு. பதின்ம வயதின் பிற்பகுதி வரை அவர் ஒரு படமும் பார்க்கவில்லை. தொடக்கத்தில் வரும் நத்தார்க் காட்சியைப் பாருங்கள். பனி, விருந்து, பெரியவர்கள் உட்கார்ந்து வேதம் பற்றி வாதாடுகிறார்கள். ஒருவரும் கேலிக்குரியவராக இல்லை. அந்த வீட்டை நேசித்தவனால்தான் அப்படி எடுக்க முடியும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியை ஒரு பெரியவர் நிறுத்துகிறார். இங்கே ஒத்துப்போகாத பிள்ளைகள்தான் கலிபோர்னியாவுக்குப் போய் இதையெல்லாம் செய்கிறார்கள் என்கிறார். ஷ்ரேடரும் அப்படிப் போன பிள்ளைதான்.

ஜோன் ஃபோர்டின் பழைய கௌபோய் படத்தின் கதை போல இருக்கிறதே?

சரிதான். 1956இல் வந்த ‘தி சேர்ச்சர்ஸ்’. அதில் ஜோன் வெய்னின் சகோதரன் மகள் கடத்தப்படுவாள், அவர் அவளைத் தேடுவார். அந்தப் படத்தின் தாக்கத்தை ஷ்ரேடர் மறைக்கவில்லை.

எனக்கும் பெண்பிள்ளை இருக்கிறாள். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதுகூட மனம் நிறையவில்லை. ஏன் சேர்? (மூதூரிலிருந்து ஒரு தகப்பன்)

ஜேக்காக நடித்த ஜோர்ஜ் சி. ஸ்கொட் அந்தச் சுருளைப் பார்க்கும் காட்சியில் முகத்தை மூடிக்கொண்டு, நிறுத்து நிறுத்து என்று கத்துவார். அந்த நேரம் முதல் ஜேக்கிடம் ஒரே கேள்விதான்: யார் என் பிள்ளையைக் கொண்டுபோனது? பொலிஸ், துப்பறிவாளர், தெருவில் கண்டவர் எல்லாரிடமும் அதையே கேட்கிறார். கடைசியில் மகள் நேரே சொல்கிறாள்: என்னை ஒருவரும் கடத்தவில்லை, நானாகத்தான் போனேன், உங்களுக்கு என்னில் அன்பு இருந்ததில்லை. அவர் உடைந்து அழுகிறார். அவர் மனைவியும் முன்பே அவரை விட்டுப் போனவர் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு பேர் அதே வீட்டிலிருந்து போயிருக்கிறார்கள். ஏன் போனார்கள் என்று ஒரு தடவையும் அவர் கேட்கவில்லை.

மகள் உடனே மனம் மாறித் திரும்புவதை நான் நம்பவில்லை. ஷ்ரேடர் முதலில் எழுதிய முடிவும் அதுவல்ல. அதில் மகள் இந்தத் தொழிலோடு சம்பந்தமே இல்லாத ஒரு கார் விபத்தில் இறந்திருப்பாள். தயாரிப்பு நிறுவனத்துக்காக மாற்றினார். பின்னாளில் அதில் தனக்குத் திருப்தி இல்லை என்றும் சொன்னார்.

அப்புறம் நிக்கி. அவரை மகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள்தான். அவளைத் தெருவிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். உங்கள் மனம் நிறையாததற்கு அவளும் காரணமாக இருக்கலாம் அண்ணை.

என் தம்பியை இன்றைக்கும் தேடுகிறோம். இந்தப் படத்தை நான் பார்க்கலாமா? (சம்பூரிலிருந்து ஓர் அக்கா)

அக்கா, இந்தக் கேள்விக்கு நான் அவசரப்பட்டுப் பதில் எழுதவில்லை. ஜேக்கின் மகள் தானாகப் போனவள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் கதை வேறு. அங்கே ‘யார் கொண்டுபோனது’ என்பதுதான் சரியான கேள்வி, அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும் உரிமை உங்களுடையது. இந்தப் படத்தை வைத்து யாராவது உங்கள் வீட்டில் குறை தேடினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

படத்தில் ஜேக் கையில் மகளின் புகைப்படத்தோடு தெருத்தெருவாகப் போய், இவளைப் பார்த்தீர்களா என்று கேட்பார். அது உங்களுக்குத் தாங்காது என்று நினைக்கிறேன். பார்ப்பதானால் தனியே பார்க்க வேண்டாம். சொல்லுங்கள், நானும் மனைவியும் வந்து உங்களோடு இருந்து பார்க்கிறோம்.