பாறைக்குள் ஒளியும் டாம்செல் மீனைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: என்னிடம் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் தொட்டியைத் தொடங்கியபோது, சைக்கிள் ஆகட்டும், அதாவது மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரட்டும் என்று ஒரு டாமினோ டாம்செல்லை விட்டேன். அப்போது நகம் அளவு இருந்தது. இப்போது 10 செ.மீ. வளர்ந்து மற்ற மீன்களைத் துரத்தித் துரத்திக் கடிக்கிறது. புதிதாக விட்ட ராயல் கிராமா மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கிறது, வால் துடுப்பு கிழிந்திருக்கிறது. போன வாரம் அரை மணி நேரம் வலையோடு போராடினேன். மீன் சிக்கவில்லை, ஒரு பவளக் கிளை உடைந்ததுதான் மிச்சம். பாறைகளில் பவளங்கள் ஒட்டி வளர்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் கலைக்க மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கலைக்க வேண்டாம், வலையோடு துரத்தவும் வேண்டாம். அந்த மீன் நான்கு ஆண்டுகளாக அந்தப் பாறைகளுக்குள் குடியிருக்கிறது. எந்தச் சந்துக்குள் நுழைந்தால் எந்தப் பக்கம் வெளியே வரலாம் என்பது அதற்கு அத்துப்படி. துரத்திப் பிடிக்கும் போட்டியில் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் மீன் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது, அடுத்த தடவை இன்னும் கஷ்டமாகிறது. ஆனால் அதே மீன் தினமும் உணவுக்காகப் பாறையை விட்டு வெளியே வருகிறது. அந்த நேரம்தான் உங்கள் கையில் இருக்கிறது.

பொறி வைப்பதற்கு முன் கிராமாவைக் காப்பாற்ற வேண்டும். கிழிந்த துடுப்பு நல்ல தண்ணீரில் தானாகவே வளர்ந்துவிடும், தொடர்ந்து அடி வாங்கினால்தான் ஆபத்து. மூலையில் ஒடுங்கிய மீனைப் பிடிப்பது சுலபம். ஒரு சிறிய தெளிவான டப்பாவைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்து, மீனை மெதுவாக அதற்குள் தள்ளுங்கள். பிறகு சுற்றிலும் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, அந்தப் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே கண்ணாடியோடு ஒட்டி மாட்டிவிடுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு சிறு குழாய்த் துண்டும் போட்டுவிடுங்கள். மற்ற மீன்களையும் டாம்செல் கடிக்கிறது என்பதால், தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடிக்கு வெளியே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். டாம்செல் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து அங்கே போய் மல்லுக்கு நிற்கும். இது தீர்வு அல்ல, ஆனால் சில நாட்கள் தாக்குப்பிடிக்க உதவும். பொறிக்கு அருகில் உணவு வைக்கும்போது மட்டும் அதை எடுத்துவிடுங்கள்.

இனி பொறி. கடையில் கிடைக்கும் தெளிவான அக்ரிலிக் பொறி நல்லது. நீங்களே செய்வதாக இருந்தால் உணவுக்குப் பயன்படுத்தும் தெளிவான பிளாஸ்டிக் பெட்டி போதும். நீளம் குறைந்தது 30 செ.மீ. இருக்கட்டும். தண்ணீர் ஓட சிறு துளைகள் போடுங்கள். ஒரு பக்கம் மேலிருந்து கீழே சறுக்கி விழும் கதவு வேண்டும், கதவைத் தூக்கிப் பிடிக்க நைலான் நூல். கதவு இலேசாக இருந்தால் தண்ணீரில் மிதந்து தயங்கி விழும், அதற்குள் மீன் போய்விடும். ஆகவே கதவின் அடியில் ஒரு கண்ணாடித் துண்டையோ கல்லையோ ஒட்டிக் கனமாக்குங்கள். இரும்பு, செம்பு எதுவும் வேண்டாம். செம்பு மிகச் சிறிய அளவில் கரைந்தாலும் முதுகெலும்பற்ற உயிர்களுக்கு விஷம்.

2 லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகும் பொறியைப் பலரும் சொல்வார்கள். சிறிய மீனுக்கு அது அருமையாக வேலை செய்யும். உங்கள் மீனுக்கு ஒத்துவராது. அந்த வாய் இரண்டு செ.மீ. சொச்சம்தான். வாயை வெட்டி அகலமாக்கினாலும், உடல் உயரமான 10 செ.மீ. டாமினோ உள்ளே திரும்பக்கூட இடமிருக்காது.

பொறியை எங்கே வைப்பது? பாறைக்கு எதிரே உள்ள திறந்த மணல் பகுதியில், நீங்கள் வழக்கமாக உணவு போடும் பக்கமாக வையுங்கள். டாம்செல்லின் பொந்து வாசலிலேயே வைத்தால் அதன் வீட்டுக்குள் எதையோ திணித்தது மாதிரி ஆகிவிடும். வாசலைப் பாறைப் பக்கம் பார்த்து வைத்தால் மீன் நேராக நீந்தி உள்ளே வரும்.

முதல் இரண்டு நாட்கள் ஒன்றுமே செய்யாதீர்கள். கதவைத் தூக்கி இறுக்கிக் கட்டிவிட்டு, காலியாகவே விட்டுவிடுங்கள். மீன் சுற்றிப் பார்க்கும், கொத்தும், பிறகு அதைப் பற்றிய அக்கறையே போய்விடும். மூன்றாம் நாள் உணவு முழுவதையும் பொறியின் வாசலுக்கு வெளியே போடுங்கள். அடுத்த நாள் வாசற்படியில். அதற்கடுத்து உள்ளே, கடைசிச் சுவரை ஒட்டி. உறைய வைத்த மைசிஸ் இறாலைச் சிறு வலைப்பையில் கட்டி உள்சுவரில் தொங்கவிட்டால், மீன் அங்கேயே நின்று பிய்த்துப் பிய்த்துத் தின்னும். அப்படி நிற்கும் பத்து விநாடிதான் நமக்கு வேண்டியது. ஆந்தியாஸ் மாதிரி அடிக்கடி தின்றாக வேண்டிய மீன் இருந்தால் அதற்கு மட்டும் எதிர்ப் பக்கத்தில் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்.

மீன் உள்ளே வந்ததைப் பார்த்தவுடன் நூலை விடத் தோன்றும். விடாதீர்கள். நான் ஒருமுறை ஆறு கோடு ராஸ் மீனுக்குப் பொறி வைத்தபோது, இரண்டாம் நாளே அது பாதி உடம்பை உள்ளே நுழைத்ததும் ஆசையில் கதவை விட்டுவிட்டேன். கதவு விழுவதற்குள் பின்னோக்கிப் பாய்ந்து போய்விட்டது. அதன் பிறகு பல வாரங்கள் அந்தப் பொறியின் பக்கமே அது வரவில்லை. வேறு வடிவத்தில் வேறொரு பொறி செய்து, வேறு மூலையில் வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அன்று முதல் நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: மீன் தயங்காமல் உள்ளே போய், நிதானமாகத் தின்று, தானாக வெளியே வருவதை மூன்று தனித்தனி வேளைகளில் பார்க்க வேண்டும். நான்காவது வேளைதான் கதவுக்கு.

அந்த வேளைக்கு முந்தைய நாள் உணவு கொடுக்காதீர்கள். ஆரோக்கியமான வளர்ந்த மீனுக்கு ஒரு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்புகளை (பவர்ஹெட்) நிறுத்தினால் உணவு சிதறாது, தண்ணீரும் அசையாமல் தெளிவாகத் தெரியும். நூலை இரண்டு மூன்று மீட்டர் நீளமாக விட்டு, தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். மீன்கள் நம்மைக் கவனிக்கின்றன. மனித முகங்களை வேறுபடுத்தி அடையாளம் காண வில்லாளன் மீன்களைப் பழக்க முடியும் என்று 2016-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த அளவு டாம்செல்லுக்கு முடிகிறதோ இல்லையோ, கண்ணாடி அருகே குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் வழக்கமானவர் இல்லை என்பது அதற்கு நிச்சயம் தெரியும்.

டாம்செல் உள்ளே போய், தலை பின்சுவரைப் பார்த்திருக்கும்போது நூலை விடுங்கள். கூடவே ஒரு க்ளவுன் மீன் உள்ளே இருந்தாலும் பரவாயில்லை, பிறகு பிரித்துக்கொள்ளலாம். பிடிக்க வேண்டியது உள்ளே இருந்தால் போதும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மகிழ்ச்சியில் பொறியைச் சட்டென்று தண்ணீருக்கு மேலே தூக்குவார்கள். தண்ணீர் துளைகள் வழியாகக் கொட்டும், மீன் துள்ளும், கதவு நழுவும், மீன் மறுபடி பாறைக்குள். கதவைக் கையால் அழுத்திப் பிடித்தபடி பொறியை மேல்மட்டம் வரை மெதுவாகக் கொண்டுவாருங்கள். தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளி பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும். பொறிக்குள்ளேயே ஒரு தெளிவான டப்பாவை விட்டு மீனைத் தண்ணீரோடு மொண்டு வாளிக்கு மாற்றுவது மிக நல்லது. வலையில் துடுப்பு முட்கள் சிக்கிக் கிழியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: ஏஞ்சல் மீனுக்குக் கன்னத்தில் முள் உண்டு, சர்ஜன் மீனுக்கு வாலடியில் கத்தி உண்டு, லயன் மீன், முயல் மீன் இரண்டின் துடுப்பு முட்களிலும் விஷம் உண்டு. இவற்றை ஒருபோதும் கையால் பிடிக்காதீர்கள். அப்புறம், நிறுத்திய பம்புகளை மறக்காமல் ஓட விடுங்கள்.

இரண்டு வாரமாகியும் பொறிக்குள் வரவில்லை என்றால்? வேறு வழிகள் இருக்கின்றன. எனக்கு அதிகம் பிடித்தது இரவு வேலை. டாம்செல் பகலில் நடமாடும் மீன், இரவில் பெரும்பாலும் ஒரே பொந்தில்தான் உறங்கும். விளக்கு அணைந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சால் தேடுங்கள். பல கடல் மீன்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாகத் தெரியாது. இரண்டு மூன்று இரவுகள் பார்த்தால் அது எந்தப் பாறையில் படுக்கிறது என்று தெரிந்துவிடும். தனியாக எடுக்கக்கூடிய பாறையாக இருந்தால், அந்த ஒன்றை மட்டும் தூக்கி, பாதி தண்ணீர் வைத்த வாளிக்கு மேலே பிடியுங்கள். தண்ணீர் வடிய வடிய மீன் நழுவி வாளிக்குள் விழும். பாறையைத் தொடும்போது கையுறை கட்டாயம். நெருப்புப் புழுவின் மயிர் குத்தும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் பாலித்தோவா. அந்த வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கையில் காயம் இருக்கும்போது தொடுவதும், கண்ணில் தெறிக்கும்படி தேய்ப்பதும் உயிருக்கே ஆபத்து.

சிறு தூண்டில் போடுவதும் உண்டு. கொக்கி நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டு, இறால் துணுக்கு கோத்து டாம்செல்லின் முகத்துக்கு நேரே இறக்க வேண்டும். உதட்டுக் காயம் ஆறிவிடும். ஆனாலும் வேறு வழியில்லாதபோது மட்டும், நூலைக் கையில் பிடித்தபடியே செய்ய வேண்டும். போட்டுவிட்டு நகர்ந்தால் க்ளவுன் மீன் மாட்டிக்கொள்ளும்.

தண்ணீரை வடித்துப் பிடிப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். செய்தே ஆக வேண்டும் என்றால், ஹீட்டரை முதலில் அணைத்து இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சூடான கண்ணாடி ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் வெடிக்கலாம். வடித்த தண்ணீரைச் சுத்தமான தொட்டிகளில் சேமித்துத் திரும்ப ஊற்றலாம். பவளங்கள் சில நிமிடம் காற்றில் இருந்தால் தாங்கும், கடல் வற்றும் நேரத்தில் பல பவளங்களுக்கு அது பழக்கம்தான். கடற்பஞ்சுகள் தாங்காது. பழைய மணலையும் கிளறாதீர்கள், அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடு தொட்டியையே கொன்றுவிடும். மயக்க மருந்து, கிராம்பு எண்ணெய் என்று யார் சொன்னாலும் பவளத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

சரி, பிடித்தாகிவிட்டது. மீனை என்ன செய்வது? முன்பே இடம் பார்த்துவிட்டுப் பிடியுங்கள் என்பேன். அதுவரை 20 லிட்டருக்குக் குறையாத ஒரு தனித் தொட்டியில் ஹீட்டர், காற்றுக்கல், ஒளிய ஒரு குழாய், மேலே மூடி. வெப்பம் 24 முதல் 26 டிகிரி, உப்படர்த்தி பெரிய தொட்டியில் உள்ள அளவே. தினம் அம்மோனியா பார்த்துத் தண்ணீர் மாற்றுங்கள். டாமினோ 14 செ.மீ. வரை வளரும், முரட்டு மீன்கள் உள்ள பெரிய தொட்டி அதற்குப் பொருத்தம். வாங்கிய கடையிலோ வேறு வளர்ப்பாளரிடமோ கொடுக்கும்போது, இது கடிக்கும் மீன் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்த மீன் கெட்டதல்ல. காட்டில் புலி செய்வதைப் போலத் தன் எல்லையைக் காக்கிறது, நாம்தான் அதைத் தப்பான இடத்தில் விட்டோம். இப்போது அம்மோனியம் குளோரைடு கரைசல் ஊற்றியே தொட்டியைச் சைக்கிள் செய்யலாம், அதற்காக ஒரு உயிரைப் போட வேண்டியதே இல்லை.

கடலில் மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தோ பசிபிக் கடலுக்குரிய லயன் மீன் 1985-இல் ஃப்ளோரிடா கரையோரம் முதலில் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்ட மீன்கள்தான் காரணம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் முழுவதும் அது பரவி, அங்குள்ள சிறு பாறை மீன்களைத் தின்று தீர்க்கிறது. மீன் உங்கள் கடலுக்கே உரிய இனமாக இருந்தாலும், தொட்டியில் தொற்றிய நோய் அதோடு சேர்ந்து போகும்.

டாம்செல் போன மறுநாளே கிராமாவைத் திறந்துவிடாதீர்கள். காலியான எல்லைக்கு இன்னொரு மீன் உரிமை கொண்டாடத் தொடங்கலாம், பெரும்பாலும் க்ளவுன். ஒரு வாரம் பாருங்கள். கைக்கு எட்டும் இரண்டு மூன்று சிறு பாறைகளை இடம் மாற்றி வையுங்கள், எல்லைகள் கலையும். கிராமா பெட்டிக்குள்ளேயே நன்றாகத் தின்று, துடுப்பும் வளரத் தொடங்கியதும், விளக்கு அணைந்த பிறகு பெட்டியைச் சாய்த்து, பாறைச் சந்து ஒன்றின் அருகே அதைத் தானாக வெளியே வர விடுங்கள்.