வாசகர் கேள்வி–பதில்: தலைகீழ்ப் பறப்பில் ஊருக்கு ஒரு பாணி

கேள்வி: சிலம்பத்தில் ஊருக்கு ஊர் வீச்சு மாறும். விமானத்திலிருந்து குதிக்கும் ஸ்கைடைவிங்கில், பாராசூட் விரியுமுன் உட்கார்ந்தும் தலைகீழாகவும் பறப்பதை ஃப்ரீஃப்ளை என்கிறார்களே, அதிலும் அப்படி உண்டா? வீடியோக்களில் அமெரிக்கர்கள் ஆணி அடித்ததுபோலத் தலைகீழாக நிற்கிறார்கள். ஐரோப்பியர்கள் சுழன்றுகொண்டே இருக்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

பதில்: சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். எந்த விமானத்தில் ஏறுகிறார்கள், எங்கே பயிற்சி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பாணி அமைகிறது. 1990-களில் ஜெர்மானியரான ஓலாவ் ஜிப்ஸரும் அவருடைய ஃப்ரீஃப்ளை க்ளவுன்ஸ் குழுவும் உட்கார்ந்தும் தலைகீழாகவும் பறப்பதைப் பரப்பியபோது எல்லாருக்கும் ஒரே பள்ளிக்கூடம்தான். பிறகுதான் கிளை பிரிந்தது.

அமெரிக்காவின் பெரிய குதிதளங்களில் ட்வின் ஆட்டர் போன்ற விமானம் ஒரே தடவையில் இருபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும். ஆள் கிடைப்பதால் கூட்டமாகக் கைகோத்து வடிவம் கட்டுவது அங்கே வளர்ந்தது. இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவாவில் 2012-இல் 138 பேரும், 2015-இல் 164 பேரும் தலைகீழாகக் கைகோத்தார்கள். அங்கே ஒருவர் அரை மீட்டர் நழுவினாலும் பக்கத்துப் பிடி கழன்றுவிடும். அந்த அசையாத நிலை இப்படிப் பழகியதுதான். நான்கு பேர் செங்குத்தாக வடிவம் மாற்றும் போட்டியில் கணக்கில் வருவது 35 நொடி மட்டும். அதிலும் தேவையில்லாத அசைவுக்கு இடமில்லை.

ஐரோப்பியப் பாணியில், கீழிருந்து மேலே வீசும் காற்றில் மிதந்து பழகும் காற்றுச் சுரங்கத்தின், அதாவது டனலின் பங்கு பெரியது. 12 முதல் 14 அடி அகலமுள்ள கண்ணாடிக் குழாய்க்குள் நேராக எங்கே போவது? மையத்தைச் சுற்றி வளைந்தே ஆகவேண்டும். இரண்டு பேர், நான்கு பேர் ஒருவரையொருவர் துரத்திச் சுழலும் டைனமிக் போட்டி அதிலிருந்துதான் வந்தது. முதல் உலக உள்ளரங்கப் போட்டி 2015-இல் பிராக் நகரில் நடந்தது. தலைகீழ்க் குதிப்பு ஒன்றில் பறக்கக் கிடைப்பது 45 நொடி என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேர டனல் 80 குதிப்புக்குச் சமம். உடம்பு சீக்கிரம் படிந்துவிடுகிறது. இத்தாலியில் மார்கோ தியெட்ஸி வளர்த்த அட்மோனாட்டி இன்னொரு வகை: செங்குத்தும் இல்லை, படுக்கையும் இல்லை, கோணமாகச் சாய்ந்து, அருகருகே கைகோத்து முன்னேறிப் பறப்பது. குழாய்க்குள் இதற்கு இடம் போதாது, திறந்த வானம் வேண்டும்.

இப்போது டனல் எல்லா நாட்டுக்கும் வந்துவிட்டது. ஒருவரின் பறப்பைப் பார்த்ததும் நாட்டைவிட, அவர் டனலில் வளர்ந்தவரா வானத்தில் வளர்ந்தவரா என்பதுதான் முதலில் தெரிகிறது. உடையிலும் இதே கதைதான்: தொளதொளப்பான உடை போய், உடம்போடு ஒட்டிய உடை வந்துவிட்டது.

கேள்வி: மகள் ஹைதராபாத் டனலில் உட்கார்ந்தும் தலைகீழாகவும் நன்றாகவே பறக்கிறாள். தாய்லாந்தில், தனியாகக் குதிக்க அனுமதிக்கும் முதல் உரிமமான ஏ லைசென்ஸும் வாங்கிவிட்டாள். இனி தோழிகளோடு வானத்தில் தலைகீழாகப் பறக்கலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: அவசரம் வேண்டாம். ஏ லைசென்ஸுக்கு அமெரிக்க பாராசூட் சங்கம் கேட்பது குறைந்தது 25 குதிப்பு. முதலில் தனியாகச் சில குதிப்புகளில் உட்கார்ந்த நிலை, அப்புறம் பயிற்சியாளர் ஒருவரோடு இருவராக, தலைகீழ் அதற்கும் பிறகு.

டனலில் வழுக்கினால் கண்ணாடி தடுத்துவிடும். வானத்தில் தடுக்க எதுவுமில்லை, வழுக்குவதே தெரியாது. உட்கார்ந்த நிலையில் தொடை தரைக்கு இணையாகவும், முழங்கால் செங்கோணமாகவும், பாதங்கள் தோள் அகலத்திலும் இருக்க வேண்டும். தரை எவ்வளவு தூரம் என்று குனிந்து பார்த்தால் மார்பு முன்னே சாயும், உடம்பு பின்னே போகும். பார்வை அடிவானத்தில் இருக்கட்டும். தலைகீழிலும் அதே விதி: மார்பு சற்றே தரையைப் பார்த்தால் முதுகுப் பக்கம் வழுக்கும். அதனால் பழகும்போது விமானம் போகும் திசைக்குக் குறுக்கே முகம் வைத்துப் பறக்கச் சொல்லுங்கள். விமானத்தின் பாதை வழியே வழுக்கினால் முன்னே பின்னே குதித்தவர்கள் இருக்கும் இடத்துக்குள் போய்விடுவாள்.

டனல் உயரத்தையும் கற்றுத்தராது. தலைகீழில் வேகம் மணிக்கு 260 கி.மீ. என்று வைத்தால் நொடிக்கு 72 மீட்டர். மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரம் 170 அடி. அந்த உயரம் முக்கால் நொடியில் போய்விடும். 13,000 அடியில் வெளியேறினால், குழு பிரிய வேண்டிய 5,000 அடி வருவதற்கு ஏறக்குறைய 40 நொடிதான் கையில் இருக்கிறது. மணிக்கட்டில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரும் ஹெல்மெட்டுக்குள் ஒலி எழுப்பும் ஆல்டிமீட்டரும், இரண்டும் கட்டாயம்.

கேள்வி: ஃப்ரீஃப்ளையில் மிகப் பெரிய ஆபத்து எது?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: கூட்டத்தில் ஒருவர் நிலை தவறிக் குப்புற விழுவது. இதைக் கார்க்கிங் என்பார்கள். தண்ணீருக்குள் அமுக்கிய தக்கை மேலே துள்ளுவதுபோல. குப்புறப் படுத்தால் வேகம் மணிக்குச் சுமார் 190 கி.மீ.க்கு இறங்கும், மேலே இருப்பவர் 260-இலேயே வருவார். ரிங் ரோட்டில் 70-இல் வரும் பைக் நிற்கும் ஆள்மேல் மோதுவதற்குச் சமம். நிலை தவறினால் கைகால்களை விரித்துப் படுக்கக் கூடாது. உட்கார்ந்த நிலைக்கோ நின்ற நிலைக்கோ மாறி, வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு நேர் மேலே பறக்காமல் பக்கவாட்டில் பறப்பதும் அதனால்தான்.

கேள்வி: இதற்குத் தனி ரிக் (பாராசூட் பை) வேண்டுமா?
– மெக்கானிக், அவனியாபுரம்

பதில்: தனி ரிக் தேவையில்லை. ஆனால் இருக்கும் ரிக்கை உங்கள் தொழில் கண்ணோடு பாருங்கள். பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டான பைலட் ஷூட் இருக்கும் பவுச்சின் எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் காற்று அதை உருவிவிடும். பவுச்சிலிருந்து, பையை மூடிவைத்திருக்கும் ஊசி வரை ஓடும் நாடா ஒரு விரல் அளவுகூட வெளியே தெரியக் கூடாது. அந்த ஊசியின் மேல்மூடியை விரலால் தட்டினால் திறக்கக் கூடாது. ஊசி நுழையும் நூல் வளையத்தில் (லூப்) நூல் பிரிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள், விலை அற்பம். உட்காரும்போது கால் பட்டைகள் முழங்காலை நோக்கி நகரும். இரண்டையும் பின்னால் இணைக்கும் எலாஸ்டிக் அதைப் பிடித்து வைக்கும்.

இவ்வளவும் எதற்கு என்றால், காற்றின் விசை வேகத்தின் வர்க்கப்படி ஏறும். 190-இல் விரியும் பாராசூட் 260-இல் தானாக விரிந்தால் இழுப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. கழுத்துக்கும் துணிக்கும் தாங்காது. 5,000 அடியில் பிரிந்து, கிடையாகப் பறந்து விலகி, வேகம் குறைந்த பிறகே விரிக்க வேண்டும்.

கேள்வி: ஃப்ரீஃப்ளை ஆட்கள் ஏன் விமானத்திலிருந்து குப்புறப் பறப்பவர்களுக்குப் பிறகு குதிக்கிறார்கள்?
– திருமங்கலம் வாசகர்

பதில்: விமானம் பெரும்பாலும் எதிர்காற்றில் போகும். குப்புறப் பறப்பவர்கள் மெதுவாக இறங்குவதால் காற்று அவர்களை அதிக தூரம் பின்னே தள்ளும். தலைகீழ் ஆட்கள் முதலில் குதித்திருந்தால், பிறகு குதித்த குப்புறக் குழு அடித்து வரப்பட்டு, விரிந்த பாராசூட்டுகளுக்கு மேலேயே வந்துவிடும். கோணப் பறப்புக் குழுவுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதைத் தரையிலேயே விமானிக்கும் மற்ற குழுக்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும்.