வயிற்றுப்போக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலும்

கேள்வி: என் 1 வயதுப் பையனுக்கு வயிற்றுப்போக்கு. ஓஆர்எஸ் என்னும் உப்பு-சர்க்கரைப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் பாட்டிலில் கலந்து கொடுத்தேன், வாந்தி எடுத்துவிட்டான். 3 நாளில் பேதி நின்றதால் ஜிங்க் மருந்தையும் நிறுத்தினேன். சரிதானா?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள், அம்மா. பொடியைப் பிரித்துக் கலக்கவே கூடாது. பெரிய பாக்கெட் முழுவதும் 1 லிட்டர் தண்ணீருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பாக்கெட்டில் அச்சிட்ட அளவே கணக்கு. தண்ணீர் குறைந்தால் உப்பு கூடி ரத்தத்தில் சோடியம் ஏறும். அதிகமானால் பலன் இருக்காது. குடலில் சர்க்கரையும் உப்பும் சரியான விகிதத்தில் சேர்ந்தால்தான் தண்ணீரை உள்ளே இழுக்கும். அதனால்தான் சர்க்கரை மிகுந்த குளிர்பானமும் பாக்கெட் ஜூஸும் பேதியைக் கூட்டுகின்றன. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனோபிஸ் இந்தக் கரைசலைக் கொண்டே எத்தனையோ காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார்.

ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, பாட்டில் வேண்டாம், ஸ்பூனில். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, 2-3 நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். கலந்தது 24 மணி நேரம்தான். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள்.

ஜிங்க் தினமும் 20 மில்லிகிராம், 14 நாளும் முழுசாக. பேதி நின்றாலும் குடல் சுவர் ஆற அது வேண்டும். அடுத்த 2-3 மாதம் பேதி திரும்புவதும் குறையும்.

மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், சோர்ந்து கிடப்பது, 6 மணி நேரம் சிறுநீர் போகாதது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.